பாட்டு முடிந்த பிறகு என் குரல்

இங்கிலாந்தில் ஒரு கிட்டார்ப் பாட்டுக் குழு இருந்தது. நாலு பொடியங்கள். ஒரேயொரு இசைத்தட்டுப் போட்டார்கள், அது விற்கவில்லை, அடுத்த வருடமே ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அவர்களுடைய பெயரைச் சொன்னால் லண்டனிலேயே பத்துப் பேருக்குத் தெரியாது. அந்தத் தட்டில், கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, ஒரு தமிழ்க் குரல் கேட்கும். அது என்னுடைய குரல். ஆனால் மெல்பேர்னில் பல வருடங்களாக அது வேறொருவருடைய குரலாக இருந்தது. அதை நான் எப்படித் திருப்பி எடுத்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பெருந்தன்மையை எதிர்பார்த்து வாசிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

லண்டனின் தெற்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. கீழே நாங்கள், யாழ்ப்பாணத்துப் பொடியங்கள். மேலே அந்த நாலு வெள்ளைக்காரப் பொடியங்கள். குசினி பொது, குளியலறையும் பொது. குசினி கீழே, குளியலறை மேலே. அதனால் அவர்கள் எங்கள் கறி வாசத்துக்குள் இறங்கி வருவார்கள், நாங்கள் அவர்களுடைய சத்தத்துக்குள் துவாயோடு ஏறிப் போவோம்.

சத்தம் என்று சொன்னாலும் அது கெட்ட சத்தமில்லை. பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்று வைத்திருந்தார்கள். அதை வாசித்தால் ஒரு பெரிய சாவிக்கொத்தைக் குலுக்குகிற மாதிரி இருக்கும். பாடுகிறவன் மெலிந்த பொடியன், மூக்கால் பாடுவான். தவறவிட்ட பஸ், நனைந்த கோட்டோடு நிற்கிற பெண், திரும்பி எடுக்காத தொலைபேசி, இவைதான் பாட்டு. சொல்லெல்லாம் துக்கம், மெட்டு மட்டும் துள்ளும். எங்களோடு இருந்த ஒருவன் சொல்வான்: "இவங்கள் அழுதாலும் துள்ளித் துள்ளித்தான் அழுவாங்கள்." பிற்காலத்தில் அந்தத் தட்டைப் பற்றி எத்தனையோ எழுத்துகளை வாசித்துவிட்டேன். இதைவிடச் சரியாக ஒருவரும் எழுதவில்லை.

அந்த வீட்டில் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. நண்டு சமைத்தால், இருப்பதிலேயே பெரிய கால் சமைத்தவனுக்கு. மற்றதெல்லாம் பங்கு. அரைத்து, வதக்கி, கையைச் சுட்டுக்கொண்டவனுக்கு ஒரு மரியாதை. ஒரு சனிக்கிழமை என்னுடைய முறை. முருங்கையிலை போட்டு, யாழ்ப்பாணத்துத் தூளில், குழம்பு வற்றுகிற பக்குவத்தில் இறக்கிவைத்துவிட்டு, தோய்த்துத் தின்னக் கடைக்குப் பாண் வாங்கப் போனேன். வந்து மூடியைத் திறந்தால் பெரிய கால் இல்லை.

வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்தேன். ஒருவனைத்தான் காணவில்லை. மேலே குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. கதவில் காதை வைத்தால், நண்டின் ஓடு உடைக்கிற சத்தம் இருந்தது.

அன்றைக்கு மேல்வீட்டார் தங்கள் தட்டுக்குக் கடைசிப் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. கம்பனி கொடுத்த காசு ஸ்டூடியோவில் முடிந்துவிட்டதாம். ஒரு பாட்டு மிச்சம். அதை வீட்டிலேயே பதிவு செய்துவிடுவோம் என்று முடிவு செய்து, எதிரொலி நன்றாக இருக்கும் என்று மைக்கைக் கொண்டுவந்து மாடிப்படித் தலைப்பில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் கோபத்தில் அதைக் காணவில்லை. பாட்டு முடிந்து, கடைசித் தந்தியின் அதிர்வு அடங்கப்போகிற நேரம், நான் கதவில் ஓங்கி ஒரு அடி அடித்துக் கத்தினேன். அவனுடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு:

"கதவைத் திறவடா! நண்டுக்காலைக் களவெடுத்துக்கொண்டு போய்க் கக்கூசுக்க ஒளிச்சிருக்கிறியே, வெக்கமில்லையே உனக்கு? சமைச்சவன் ஆர், தின்னுறவன் ஆர்?"

உள்ளேயிருந்து வாய் நிறைய நண்டோடு ஒரு பதில் வந்தது, அது மைக்குக்கு எட்டவில்லை. மேல்வீட்டாருக்கு நான் கத்தியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பாடுகிற பொடியன் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டானாம். வெட்டச் சொன்ன கம்பனிக்காரனோடு சண்டை பிடித்து, அப்படியே விட்டுவிட்டான். தட்டு வந்தபோது எனக்கென்று ஒன்று தந்தான். தட்டின் உறை மட்டையில் கடற்கரைச் சுவரில் நாலு பேரும் இருக்கிற படம், ஒருவன் மட்டும் வேறு பக்கம் பார்ப்பான். நான் எல்லாப் பாட்டையும் கேட்டுத்தான் ஆங்கிலம் பழகினேன். துக்கமாகத்தான் பழகினேன், ஆனாலும் பழகினேன். கொஞ்ச மாதத்தில் அந்தத் தட்டுகள் கடைவாசலில், ஒருவரும் எடுக்காத பெட்டிக்குள் கிடந்தன. பொடியங்களும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

நண்டுக்காலைத் தின்றவன் அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். ஒருநாள் தொலைபேசியில் கதைக்கும்போது நான்தான் சந்தோஷத்தில் வாயை விட்டேன். "மச்சான், என்ர குரல் வெள்ளைக்காரன்ர தட்டில வந்திருக்கடா." என்ன கத்தினேன் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவனுக்கு மற்றவர்களுடைய கதையில் பாதிதான் எப்போதும் தேவை.

பல வருடம் கழித்து நான் மெல்பேர்னுக்கு வந்தேன். விமான நிலையத்துக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தவன் அவன்தான். இல்லை, அவர்தான். லண்டனில் அவனாக இருந்தவன் இங்கே அவராகியிருந்தார். எல்லோரும் "தலைவர்" என்று கூப்பிட்டார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. தன் வீட்டுப் பின்அறையில் என்னை இருத்தினார், கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலையும் பிடித்துத் தந்தார். அதையெல்லாம் மறைக்கவில்லை. இங்கே எங்கள் ஆட்களிடம் எழுதாத ஒரு சட்டம் உண்டு. விமான நிலையத்தில் உன்னை ஏற்றிக்கொண்டு வந்தவரை நீ சபையில் மறுத்துப் பேசக்கூடாது. சாகும்வரை கூடாது. அவர் பிழையான தெருவில் காரை விட்டாலும், பின்சீட்டில் இருந்துகொண்டு "இந்தப் பக்கமும் வடிவாத்தான் இருக்கு" என்று சொல்லவேண்டும்.

வந்த புதிதில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் வீடு. என் பக்கத்தில் இருந்த ஒருவர், றோல்ஸைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீர் தலைவரோட லண்டனில இருந்தனீராம். அவரின்ர குரல் ஒரு வெள்ளைக்காரன்ர தட்டில இருக்காமே, உண்மையே?"

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கண் சிமிட்டவில்லை. பெட்டியைத் தூக்கிவைத்த கையால் என் தோளைத் தட்டி, "இவனைக் கேளுங்கோ, இவன் சாட்சி" என்றார்.

"ஓம்," என்றேன் நான்.

அந்த ஓம் எத்தனையோ வருடம் என் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்தது. என் மனைவி சொல்வாள்: "நீங்கள் கோபத்தை ஃப்ரீசருக்குள்ள வைக்கிற ஆள். எப்ப வெளியில எடுத்தாலும் புதுசா இருக்கும்." உண்மைதான். ஒவ்வொரு முறையும் அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது நான் அங்கே இருந்து கேட்டேன். கேட்டுக் கேட்டு உள்ளே அடுக்கினேன்.

கதையும் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. முதலில் அவர் வெறுமனே ஏதோ சொன்னார், அது பதிவாகிவிட்டது. பிறகு, அவர்களே வந்து கேட்டார்களாம். இங்கிலாந்தில் யாரோ ஒருவர், மறந்துபோன நல்ல தட்டுகளைத் தேடி எழுதுகிறவர், இதைப் பற்றியும் இணையத்தில் எழுதினார். தட்டைப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் வருகிற குரல் ஏதோ கீழைத்தேயத்துப் பிரார்த்தனை என்று எழுதிவிட்டார். நான் நண்டுக்காகக் கத்தியது அவருக்குப் பிரார்த்தனையாகக் கேட்டிருக்கிறது. பிழை சொல்ல முடியாது, கிட்டத்தட்ட அப்படித்தான் கத்தினேன். அதை யாரோ தலைவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்றோடு அவர் கதையில் தேவாரம் ஏறியது.

"விடியக்காலமை குளிச்சுப்போட்டு, ஈர உடுப்போட தேவாரம் பாடினனான். கதவைத் திறந்தால் நாலு வெள்ளையும் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். ஒருத்தன்ர கண்ணில தண்ணி."

அடுத்த வருடம் நாலு பேரின் கண்ணிலும் தண்ணீர். அதற்கடுத்த வருடம் முழங்காலில் நின்றார்கள். கேரம் டவுன்ஸ் கோயிலில் பிள்ளைகளுக்கு அவரைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள், ஒரு தமிழ் இளைஞன் எப்படி வெள்ளைக்காரனைத் தேவாரத்தால் வென்றான் என்று. சாப்பாட்டு மண்டபத்தில் எனக்குச் சாம்பார் ஊற்றிய அன்ரி மெதுவாகச் சொன்னா: "இந்தாள் கதை சொல்லத் தொடங்கினா கதிரைக்கே கால் உளையுது." அந்த ஒரு வசனத்துக்காக அன்ரியின் பிள்ளையின் வீடு மாற்றலுக்கு நான் இரண்டு நாள் லீவு போட்டு உதவி செய்திருக்கிறேன்.

தட்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவரிடம் அது இல்லை. இணையத்தில் பிறகு பாட்டுகள் வந்தன, ஆனால் கடைசிப் பாட்டு முடிந்ததும் வெட்டிவிட்டார்கள். என் குரல் இருப்பது பழைய தட்டில் மட்டும்தான். அது என் அலுமாரியில், என் மனைவியின் கூறைப்பெட்டிக்குக் கீழே இருந்தது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு தலைவருக்கு அறுபது வந்தது.

அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டாள். நல்ல பிள்ளை, தானும் கிட்டார் வாசிப்பாள், பழைய தட்டுகள் சேர்ப்பாள். "அங்கிள், அந்த ஆல்பம் ஆக்சுவலி அமேசிங். ஒய் டஸ் நோபடி நோ இட்? அப்பாட பேர்த்டேக்கு அப்பாட வாய்ஸைப் ப்ளே பண்ண வேணும். ஒரிஜினல் எங்கயும் இல்லை. உங்களிட்ட இருக்கா?"

"இருக்கு பிள்ளை. எடுத்துக்கொண்டு போய் முதல்ல கேட்டுப் பார்."

"நோ, நோ. எல்லாரோடயும் சேர்ந்துதான் ஃபர்ஸ்ட் டைம் கேப்பன். தட்ஸ் த ஹோல் பாயிண்ட்."

நான் கேட்டுப் பார் என்று சொன்னேன். அதை என் மனைவி சாட்சியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வைத்ததும் அவளிடம், "ஏத்திக்கொண்டு வந்தவரை மறுத்துப் பேசக்கூடாதே," என்றேன்.

"நீங்கள் ஏன் பேசவேணும்? தட்டு பேசட்டும். தட்டை ஒருத்தரும் எயார்போட்டில இருந்து ஏத்திக்கொண்டு வரேல்லையே," என்றாள். இப்படி ஒருத்தியைக் கட்டியவனுக்கு வேறு படை எதற்கு?

பெரிய மண்டபம், வெள்ளைத் துணி போட்ட மேசைகள், எங்கும் மட்டன் றோல்ஸ் வாசம். பாட்டுப் போட வந்திருந்தவர் தமிழ்நாட்டுத் தம்பி, கணினி வேலை செய்துகொண்டு வார இறுதியில் இதைச் செய்கிறவர். தட்டுச் சுழலியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் அவரிடம் போனேன்.

"தம்பி, பாட்டு முடிஞ்ச பிறகும் ஊசியை எடுக்காதையும்."

"முடிஞ்சப்புறம் என்ன அண்ணே இருக்கு?"

"பிரசாதம்."

"ஆமா, தேவாரம் வருதுன்னாங்க. சரிங்கண்ணே, வால்யூமை நல்லா ஏத்திடுறேன்," என்றார். நல்ல பிள்ளை. கடவுள் அவருக்கு நிரந்தர விசா கொடுக்கட்டும்.

தலைவர் பட்டுவேட்டியோடு மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து முழுக் கதையையும் சொன்னார். முழங்கால், கண்ணீர், ஈர உடுப்பு எல்லாம் வந்தன. இந்த முறை குளியலறை ஜன்னலால் ஒளியும் வந்தது. பிறகு மகள் தட்டைத் தூக்கிக் காட்டினாள், எல்லோரும் கைதட்டினார்கள். ஊசி கடைசிப் பாட்டில் இறங்கியது.

அத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சாவிக்கொத்து குலுங்கியது. மூக்கால் பாடுகிற பொடியன், பஸ், மழை, நனைந்த கோட்டு. ஒருவரும் கேட்காமல் பெட்டிக்குள் கிடந்த பாட்டு, மெல்பேர்னில் ஒரு தமிழ்ப் பிறந்தநாளில், ஒரு மண்டபம் நிறைய மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கப்பட்டது. அந்தப் பொடியங்களுக்கு அப்படியொரு சபை வாழ்க்கையில் கிடைத்திருக்காது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அதற்காக நான் வரவில்லை.

பாட்டு முடியப்போகிற நேரம் தலைவர் ஒரு கையை உயர்த்தினார். "தேவாரம் வருது," என்றார்.

தேவாரம் என்றால் இருந்து கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கதிரைகள் இழுபட்டன. மண்டபம் முழுக்க எழும்பியது. பெண்கள் சேலையைச் சரிசெய்து கைகூப்பினார்கள். பிள்ளைகளின் தொப்பியைத் தாய்மார் கழற்றினார்கள். முன்வரிசையில் கோயில் ஐயர் கண்ணை மூடினார். நானும் எழும்பிக் கைகூப்பினேன். அவ்வளவு பக்தியாக நான் எந்தக் கோயிலிலும் நின்றதில்லை.

கடைசித் தந்தி அடங்கியது. கதவில் ஓங்கி ஒரு அடி. பிறகு, நன்றாக ஏற்றிவைத்த சத்தத்தில், தலைவரின் முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. கதவைத் திறவடா. நண்டுக்கால். களவு. கக்கூசு. வெக்கமில்லையே உனக்கு?

சமைச்சவன் ஆர், தின்னுறவன் ஆர்?

கூப்பிய கை கூப்பினபடி நின்றது. முதலில் ஐயருக்குத்தான் தோள் குலுங்கியது. பிறகு எங்கேயோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அது தீயாகப் பற்றி மண்டபம் முழுக்கப் பரவியது. மகள் வாயைத் திறந்தபடி தகப்பனைப் பார்த்து, "அப்பா, வாட்? க்ராப்?" என்றாள்.

அங்கே முடிந்திருந்தால் நான் சும்மா வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் தலைவர் சும்மா தலைவரில்லை. சிரிப்பு கொஞ்சம் அடங்கும்வரை நின்றார். பிறகு தானும் சிரித்தார். மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பாத்தீங்களே, வெள்ளைக்காரன்ர தட்டில என்ர பெயர், என்ர ஐயான்ர பெயரும்! இந்த மண்டபத்தில வேற ஆரின்ர பெயராவது இருக்கே? தேவாரம் இதுக்கு முன்னால வந்தது, அதை வெட்டிப்போட்டாங்கள்."

கைதட்டினார்கள். சொன்னால் நம்புவீர்களா, கைதட்டினார்கள்.

"அப்ப கத்துறது யார், அப்பா?" என்று மகள் கேட்டாள்.

எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. ஒரே ஒரு சொல். என்னைக் காட்டி, இவன்தான் என்று சொல்லியிருந்தால் போதும். நான் மன்னித்திருப்பேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் கதிரையில் இருந்திருப்பேன். அவர் என் பக்கம் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அது வீட்டுக்காரன், பிள்ளை. அந்தாளுக்குத் தலையில விசர்."

விமான நிலையமும் பெட்டியும் பின்அறையும் ஃபோர்க்லிஃப்டும் அந்த இடத்தில் முடிந்தன. மனைவி எனக்கு முன்னாலிருந்த றோல்ஸைத் தள்ளிவைத்தாள், அவ்வளவுதான். நான் மண்டபத்தின் கடைசியில் நின்று, அடிவயிற்றிலிருந்து, அவருடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் கூப்பிட்டுக் கத்தினேன்:

"சமைச்சவன் ஆர், தின்னுறவன் ஆர்?"

வயது குரலைக் கரகரப்பாக்கியிருந்தது. ஆனால் அது அதே குரல், அதே இழுவை, அதே வெறி. தலைகள் எல்லாம் திரும்பின. மேடையில் தலைவர் திடுக்கிட்டார். அந்த நேரத்தில் அவர் தலைவராக இல்லை. பட்டுவேட்டி கட்டிய அந்தப் பழைய பொடியன், பூட்டிய கதவுக்குப் பின்னால், வாய் நிறைய நண்டோடு. யோசிக்காமல், மைக் வாயில் இருப்பதையும் மறந்து, அன்றைக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னான்:

"பொறடா மச்சான், வாறன், கத்தாதை!"

சிரிப்பில் மண்டபமே இடிந்தது. ஐயர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் என்னைக் கையால் காட்டி, "ஓ மை காட், இட்ஸ் அங்கிள்! இட்ஸ் ஹிம்!" என்று துள்ளினாள். தமிழ்நாட்டுத் தம்பி ஊசியைத் திருப்பி வைத்து, அந்தக் கத்தலை இன்னொரு முறை போட்டார். ஒருவரும் கேட்காமலே போட்டார்.

காரில் வரும்போது யாரோ தொலைபேசியில் என் மனைவியிடம் குறைப்பட்டார்கள், ஏற்றிக்கொண்டு வந்த மனிசனைச் சபையில் இப்படிச் செய்யலாமா என்று. "அவர் ஏத்தினது பெட்டியைத்தான்," என்றாள் அவள். "குரலை இல்லை."

இப்போது தலைவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை. நான்தான் சொல்கிறேன். சனிக்கிழமைச் சாப்பாடு, கோயில் மண்டபம், பிள்ளைகளின் அரங்கேற்றம், எங்கே கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: அவர் அங்கே இருக்கவேண்டும். இல்லாத இடத்தில் சொல்வதில்லை, அது புறம்பேசுதல். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருப்பார். எழும்பிப் போகமாட்டார். நடுவில் போனால் முடிவை நான் இன்னும் கூட்டிச் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். சபையில் யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால், நான் அவர் பக்கம் திரும்பி, "இவரைக் கேளுங்கோ, இவர் சாட்சி," என்பேன்.

அவர் கொஞ்ச நேரம் கோப்பைக்குள் பார்ப்பார். பிறகு, "ஓம்," என்பார்.